வில்லாட் சகோதரரின் கடிகாரக் கலை

பொழுதை அளத்தல் ஒன்று. அளந்த பொழுதை உலகுக்கு உணர்த்தல் மற்றொன்று. பண்டைத் தமிழகத்தில் இவ்விரு தொழிலையும் ஆற்றியோர் நாழிகைக் கணக்கர். நீர்வட்டிலாற் பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த அவர்தம் பணியை முல்லைப்பாட்டுக் காட்டும். சிலப்பதிகாரமும் அவர்களைப் பெயர் சுட்டிக் கூறும். இன்றும் மன்னார் உப்புக்குளம் போன்ற கரையோர ஊர்களிற் கோவில் மணியும், பள்ளிவாசற் பாங்கொலியும், தேவாலய மணியும் பொழுதை யாவர்க்கும் பொதுவாக்குகின்றன. இவ்வாறு செவியால் அறியப்பட்ட பொழுது, கண்ணால் அறியும் வீட்டுடைமையாக மாறிய வரலாற்றில் அமெரிக்க வில்லாட் சகோதரர்க்குத் தனியிடம் உண்டு.

மசாச்சுசெற்சு மாநிலத்துக் கிராப்டன் என்னும் ஊரினரான பெஞ்சமின், சைமன், எப்ராயிம், ஆரன் ஆகிய நால்வரும் கடிகாரத் தொழிலை மேற்கொண்டவர். அக்காலத்து நெடுங்கடிகாரம் ஆளுயரத்தையும் விஞ்சி நின்றது. பித்தளையோ அந்நாட்டில் அரிது. இந்நிலையிற் சைமன் வில்லாட் (1753–1848) புதியதொரு சுவர்க்கடிகாரத்தை அமைத்து, 1802ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். மேலே வட்ட முகம், நடுவே ஒடுங்கிய கழுத்து, கீழே ஊசற்குண்டு அசையும் பெட்டி என்பன அதன் உறுப்புக்கள். எடைக்கட்டி மெல்ல இறங்க, அஃது எட்டு நாள் ஓடும். பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியை ஒத்தமையாற் பிற்காலத்தார் அதற்கு அப்பெயரையே இட்டனர்.

இக்கடிகாரத்தின் கண்ணாடி ஓவியத்தை வியப்போர் பலர். எனினும், அதன் உண்மையான மாண்பு சேர்த்தவற்றில் அன்று, நீக்கியவற்றிலேயே தங்கியுள்ளது. மணியடிக்கும் பொறியைச் சைமன் பெரும்பாலும் விலக்கினார். அதனாற் பித்தளை குறைந்தது, உருவமும் சிறுத்தது. சொற் சுருங்கப் பொருள் விரியும் குறட்பாவின் செட்டு இதன்கண் உண்டு.

ஆயினும், ஒரு குறையைக் கூறாதொழிதல் நடுவுநிலைமை ஆகாது. கைத்திறனையே நம்பிய இக்கலை, வசதியுடையோர் இல்லங்களைக் கடந்து மிகுதியும் சென்றிலது. கனெற்றிகட்டு மாநிலத்து ஈலை டெரி என்பார் 1806ஆம் ஆண்டில் 4000 மரப்பொறிகள் செய்து தர உடன்பட்டார். ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்கும் பொருந்துமாறு அவற்றை இயந்திரத்தால் ஆக்கினார். அவர் தொடங்கிய அந்நெறியே கடிகாரத்தை உழவர் குடிலுக்குக் கொண்டு சென்றது. ஈரத்திற் பருக்கும் மரச்சக்கரம் வில்லாட்டின் பித்தளைக்கு ஈடாகாது. ஆயினும், பொழுதைப் பொதுவாக்கியது அதுவே.

வாணிகத்தில் வல்ல ஆரன் செல்வராய் ஓய்வுற்றார். கலையில் வல்ல சைமனோ 1839இற் சிறுபொருளோடு தொழிலை விட்டார். எனினும், 1837இல் அவர் அமைத்த பொறி வாசிங்டன் சட்டமன்ற மாளிகையின் சிலை மண்டபத்தில் அவர் புகழை நிறுவி நிற்கின்றது. சைமனிடம் நுண்மையும் டெரியிடம் பயனும் மேலோங்கின. ஒன்றை உயர்த்துதற்பொருட்டு மற்றொன்றை இகழ்தல் தகாது. கைத்தொழிலை மதிப்பிடும் துலாக்கோலுக்கு இரண்டு தட்டும் வேண்டும்.