வெண்சுதையும் செம்புச் சுவரும்

வீடு முழுவதையும் வெண்ணிறமாக்குவது இந்நாளைய நாகரிகம். 1927-இல் இலண்டன் செல்சியில் சிரி மாம் அம்மையார் (மலாயாவைக் கதைகளாக்கிய சாமர்செட் மாமின் அந்நாள் துணைவியார்) அமைத்த வெள்ளை அறை இதற்குப் பெயர்பெற்ற முன்மாதிரி. இதனைப் பண்டைத் தமிழர் மரபென நாட்ட நெடுநல்வாடையைத் துணைக்கழைப்பது பொருந்தாது.

அரண்மனையில் வெள்ளிபோல் விளங்கும் சுதை பூசியிருந்ததாக நக்கீரர் பாடியது உண்மையே. ஆயின், அவ்வடியோடு ஏட்டை மூடிவிடலாமா? அடுத்தே நீலமணியன்ன கருந்தூண்கள் வருகின்றன. செம்பினாற் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர் வருகின்றது. பல பூக்களையுடைய ஒற்றைக்கொடி அதில் வளைந்தோடுகின்றது. செம்பு உவமை உறுதிக்கே என்பாரும் இருக்கலாம். செந்நிறத்தை அதனின்றும் கழற்றிவிட இயலுமோ? ஓரடியை மட்டும் பிய்த்தெடுத்து மாணவர்க்கு ஓதும் ஆசிரியர், 188 அடிகளையும் இழக்கச் செய்கின்றார்.

ஏனெனில், வண்ணம் மிக்க அம்மனையினுள்தான் பிரிவுற்ற அரசி இருக்கின்றாள்: பொற்றொடி நீங்கிய கையில் சங்குவளை, மேனியில் மாசேறிய ஆடை. மனையும் வெள்ளையாயின் அவ்வளையின் வெறுமை எவர் கண்ணிற் படும்?