திரைச் சொல்லும் கையேட்டுச் சொல்லும்

நூலுக்குரிய குற்றங்களைப் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றுள் ஒன்றாக மயங்க வைத்தலைக் கூறினார். பொருள் இதுவோ அதுவோ எனப் படிப்போர் ஐயுறுமாறு சொல்லை அமைத்தலே அக்குற்றம். இலக்கிய நூலில் இது நேரின் கற்பவர் உரையாசிரியரை நாடுவர். கணினி மென்பொருளுக்குரிய பயன்பாட்டுக் கையேட்டில் நேரின் நாடுதற்கு உரையாசிரியர் இல்லை. கை தவறான இடத்தை அழுத்திவிடும். ஆதலின் கையேடும் திறனாய்வுக்குரிய உரைநடை நூலே எனக் கொண்டு ஈண்டு அதன் சொல்லாட்சியை ஆராய்வோம்.

கல்வராயன் மலைக்கு அணித்தாக உள்ள சங்கராபுரம், 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்றும் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூர்ப் பக்கத்து உழவர் பட்டா, சிட்டா, அடங்கல் என்னும் சொற்களைச் சிறிதும் ஐயமின்றி ஆள்கின்றனர். இவை எல்லாம் தமிழ் வேரின அல்ல. எனினும் ஒவ்வொன்றும் ஓர் ஏட்டையே குறித்தலின் மயக்கத்திற்கு இடமில்லை. அவ்வுழவர் இன்று அவ்வேடுகளை இ-சேவை மையத்துத் திரையிலோ மக்களின் கைப்பேசியிலோ காண்கின்றனர். ஆண்டு வரும் நல்ல தமிழ்ச் சொற்களே அவரைத் தடுமாறச் செய்யுமாயின், குறை மொழியின்மேலது அன்று; சொல்லை வைத்த முறையின்மேலது.

'இணைப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வேறொரு பக்கத்திற்குச் செல்லும் வழியும் இணைப்பு. மின்னஞ்சலோடு சேர்த்தனுப்பும் கோப்பும் இணைப்பு. கருவி வலையோடு பொருந்தியிருத்தலும் இணைப்பு. 'அமைப்பு' என்பதும் இத்தகையதே. கணினியின் ஒழுங்குமுறை, பயன்படுத்துவோர் செய்துகொள்ளும் விருப்பத் தேர்வு, ஒரு நிறுவனம் ஆகிய மூன்றனையும் அது சுட்டுகின்றது. கையால் நகர்த்தும் கருவியைச் சிலர் சுட்டி என்பர். திரையில் நகரும் குறியைச் சிலர் சுட்டி என்பர். பக்கத்திற்குச் செல்லும் வழியையும் சிலர் சுட்டி என்பர். இம்மூன்றும் ஒரு கையேட்டில் கலப்பின், 'சுட்டியால் சுட்டியை நகர்த்திச் சுட்டியை அழுத்துக' எனத் தொடர் அமையும். இத்தொடர் நாம் புனைந்தது. ஆயினும் இதற்கு அணுகிய தொடர்களைப் படித்து இடர்ப்பட்டோர் பலர்.

பலபொருள் ஒருசொல் தமிழுக்குப் புதியது அன்று. தொல்காப்பியர் அதனை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்தினார். 'மா பூத்தது' என்புழி மரமும், 'மா ஓடிற்று' என்புழி விலங்கும் வினையால் விளங்கும். இனமும் சார்பும் அவ்வாறே துணைசெய்யும். வினையால் விளங்காதவிடத்துச் சொல்வோன் தான் கருதியதைத் தெளிவுபடக் கூறல் வேண்டும். 'இணைப்பைத் திறக்க' என்று கையேடு கூறும்போது, திறத்தல் என்னும் வினை மேற்கூறிய மூன்றிற்கும் ஏற்கின்றது. ஆகவே இது வினையால் வேறுபடாத வகையைச் சாரும். தொடுப்பு, கோப்பிணைப்பு, வலையிணைப்பு எனத் தெரித்து மொழிதலே இதற்குத் தீர்வு.

இதற்கு மறுதலையாக, ஒரு பொருளுக்குப் பல சொல் வழங்கலும் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 'தொகு' என்று சொல்லும் செயலை, வேறு சில மென்பொருள்கள் 'திருத்து' என்கின்றன. அங்குப் புகுபதிகை எனப்படுவது பிறாண்டு உள்நுழைதல் ஆகின்றது. சொற்கள் பல வழங்குதல் வளமே என்பாரும் உளர். செய்யுளுக்கு அது வளம் ஆகலாம். திரையில் ஒரு சொல்லும் அத்திரையை விளக்கும் கையேட்டில் மற்றொரு சொல்லும் வருமாயின் அது குற்றமேயாகும். கையேட்டின் சொல்லைத் திரையில் தேடிக் காணாதவர், தாமே பிழைசெய்ததாக எண்ணி மொழியை ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுவர். ஒருவர் உழைத்துச் செய்த தமிழாக்கம் அக்கணமே பயனற்றுப் போகின்றது.

இழப்பு இன்னும் பெரிதாதலும் உண்டு. 'நீக்கு' என்பது பட்டியலினின்றும் எடுத்தலையும், கோப்பையே அழித்தலையும் குறிக்கும் இடங்கள் உள. முன்னதை எண்ணிப் பின்னதைச் செய்த மாணவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலையே இழத்தல் கூடும். 'பட்டியலிலிருந்து எடு', 'கோப்பை அழி' என இரண்டாக்கின் இவ்விடர் இல்லை.

இக்குறைக்குக் காரணம் மொழிபெயர்ப்பாளரின் புலமைக் குறைவு மட்டும் அன்று. மென்பொருளின் சொற்கள் தொடராக அவர்முன் வருவதில்லை. தனித்தனித் துண்டுகளாகப் பட்டியலில் வருகின்றன. ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் ஒரு வடிவமே வினையாகவும் பெயரடையாகவும் நிற்கும். தமிழிலோ 'திற', 'திறந்த' என வடிவம் வேறுபடும். எது வேண்டும் என்பதை அறியச் சூழல் தேவை. கெட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளில் சூழற்குறிப்பு எழுத வழியிருந்தும், நிரல் எழுதுவோர் பலவிடத்து அதனைப் பயன்கொள்வதில்லை.

தமிழுக்கு ஆற்றல் இல்லை என்பார்க்கு விடை எளிது. ஆங்கிலத்தில் 'ஃபிரீ' என்னும் ஒருசொல் விலையின்மையையும் விடுதலையையும் குறித்து மயக்க, தமிழ் 'இலவசம்' என்றும் 'கட்டற்ற' என்றும் பிரித்துத் தெளிவுபடுத்துகின்றது. 1916இல் கல்வராயன் மலைக்கு மறுபுறத்துச் சேலத்தில் கலைச்சொல் ஆக்கத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே விசைப்பலகை ஓர் ஒழுங்கு பெற்றது. எழுத்திற்குக் கண்ட ஒழுங்கைச் சொல்லாட்சிக்கும் காணுதல் நம் கடன்.

தமிழ்த்துறை மாணவர் ஒருவர் ஒரு கையேட்டை எடுத்து, அதன் சொற்களைத் திரைச் சொற்களோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை அட்டவணையாக்கி, பட்டறிவில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்துச் சோதித்தல் முதுகலை ஆய்வுக்கு ஏற்ற பொருளாகும். சொல்லதிகாரம் கற்றவரே அதனைச் செம்மையாகச் செய்ய வல்லார். சங்கராபுரத்து உழவர் பிறர் துணையின்றித் தம் நிலத்தின் ஏட்டைத் திரையில் படித்தறியும் நாளில், அவ்வாய்வு பயன்பெற்றதாகக் கொள்வோம்.