கூச்சம் யார் தந்தது?

நாகராஜ் மஞ்சுளே இயக்கிய மராத்திப் படம் ‘ஃபன்ட்ரி’ (2013). தலைப்பு கைக்காடி மக்களின் சொல், நம் ‘பன்றி’யேதான்!

சிறுவன் ஜப்யா, உடன் பயிலும் ஷாலுவைத் தொலைவில் நின்றே நோக்குவான், பேசான். பிறவிக் கூச்சம் என்பாருளர். நாம் ஒப்போம். பள்ளியருகே பன்றி பிடிக்கக் குடும்பத்தோடு ஏவப்பட்டதும் சுவருக்குப் பின்னே பதுங்குகிறானே, எதற்கு? வேடிக்கை பார்த்து நகைக்கும் மாணவர் கூட்டத்திற்கு அஞ்சியன்றோ! நாட்டுப்பண் ஒலிக்கிறது, துரத்திய பன்றியை விட்டுவிட்டு அக்குடும்பமே அசையாது நிற்கிறது. பிடிபட்ட பன்றியைச் சுமந்து செல்லும் வழியில், பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் பூலேயும் ஓவியங்களாய்!

கருங்குருவிச் சாம்பல் காதலைக் கூட்டும் என்ற பேதைமையை இயக்குநர் இன்னும் கடிந்திருக்கலாம். ஆயினும், இறுதியில் ஜப்யா எறியும் கல் நேரே திரையை நோக்கி வருகிறது. வருகைப் பதிவேட்டோடு வகுப்பில் நிற்கும் நம்மை நோக்கியுந்தான்.