ஏசாயாவின் பஞ்சு

ஏசாயா 1:18-ஐக் கேத்திப் பள்ளத்தாக்கின் சபைகளில் வாசிக்குங்கால் ஓர் ஐயம் எழுகிறது. 1949-இல் தொடங்கப்பெற்ற ஊசித் தொழிற்சாலையின் பின்னலூசிகளால் பெயர்பெற்ற ஊர் இது; உல்லன் என்றால் இங்கே குழந்தையும் அறியும். திருமறையோ இவர்களுக்குப் பஞ்சையே காட்டுகிறது. எபிரேய மூலத்திலுள்ள சொல் 'செமெர்'. அது ஆட்டின் கம்பளி மயிர்.

1871-இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பில் பவர் ஐயரும் உடனுழைத்தோரும் இதனை அறியாமல் எழுதினர் என்பதற்கில்லை. நீதிமொழிகள் 31:13-இல் அதே சொல்லை 'ஆட்டுமயிர்' என்றே பெயர்த்திருக்கின்றனர். சமவெளியின் மேச்சேரி ஆடும் கீழக்கரிசல் ஆடும் கம்பளி தருவன அல்ல. 'கம்பளி' என்று எழுதினாலோ, குறும்பாட்டு மயிரில் நெய்த கரிய முரட்டுப் போர்வையே கேட்போர் மனத்தில் விரியும். வெண்மைக்கு அது உவமையாகுமோ? ஆகவே பஞ்சு வந்தது. நிறத்தை மட்டும் கருதினால் நல்ல தேர்வே.

ஆனால் தீர்க்கதரிசி நிறத்தை மட்டும் கருதவில்லை என்பது நம் துணிபு. அவ்வசனத்தின் 'தோலா' என்பது புழுவைக் குறிக்கும் சொல். அப்பூச்சியினின்று எடுத்த செஞ்சாயம் ஆட்டுமயிரில் ஏற்றப்பட்டது. சணல்நூல் சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. மயிரோ அதனை இழைக்குள் வாங்கிப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு தோய்த்த மயிர், தோய்க்குமுன் இருந்த நிலைக்கு மீளும் என்பதே வாக்குத்தத்தத்தின் வியப்பு. பாவம் இங்கே மேலே படிந்த அழுக்கன்று, ஊறிப்போன சாயம். பஞ்சு என்றவுடன் பொருள் மறைந்து இரு நிறங்களே எஞ்சுகின்றன. மன்னிப்பை வெள்ளையடிப்பைப்போல் நாம் பிரசங்கிப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என அஞ்சுகிறோம்.

மற்றொரு குழப்பமும் உண்டு. உபாகமம் 22:11-இல் ஆட்டுமயிரோடு கலக்கலாகாதென்று விலக்கப்படுவது, அதே மொழிபெயர்ப்பில், பஞ்சுநூல். நியாயப்பிரமாணத்தில் ஆட்டுமயிருக்கு எதிரே நிற்கும் பஞ்சு, ஏசாயாவில் அதன் இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது! எபிரேயம் பயிலாத மாணவர் இடறாமலிருப்பது அரிது.

'ஆட்டுமயிர்' சரியான சொல்லே. எனினும் 'மயிர்' இன்றைய பேச்சில் அடைந்துள்ள இழிவால் பிரசங்க மேடையில் நா கூசும். மலைச் சபைகளுக்கு இவ்விடர்ப்பாடு குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ முதலிய அயலினங்களின் கலப்பால் உருவான நீலகிரிச் செம்மறி, ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் இன்றும் பேணப்படுகிறது. அதனைக் கண்டவர்க்கு 'வெண்கம்பளி இழை' என்றால் போதும். வெளிப்படுத்தல் 1:14-இல் உவமை நிறத்தளவிலேயே நிற்பதால் அங்கே பஞ்சு இருக்கட்டும். ஏசாயாவை வாசிக்கும் போதகரோ, வசனத்தை அச்சிட்டபடியே வாசித்துவிட்டு, விளக்கவுரையிலேனும் ஆட்டையும் சாயத்தொட்டியையும் சபையார்முன் நிறுத்த வேண்டும்.