பச்சைத் தட்டி

மெல்வில் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குத் திமிங்கிலம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மெல்வில் 1853-ல் நியூயார்க்கில் ஒரு மாதப் பத்திரிகையில், தம் பெயரைப் போட்டுக்கொள்ளாமலே, இரண்டு இதழ்களில் ஒரு நீண்ட கதை எழுதினார். 'பார்ட்டில்பி' என்று அதற்குப் பெயர். நான் அதை மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் ருசிக்காகப் படித்தேன். மூன்றாவது தடவை படித்ததற்குக் காரணம் வேறு. எங்கோ ஓர் ஊரில் தம் வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டர் மூலமாக எனக்குக் காரியதரிசி வேலை செய்ய ஓர் அம்மாளை அமர்த்திக்கொண்டேன். அந்தச் சமயத்தில் இந்தக் கதை தானாகவே கைக்கு வந்தது.

கதையைச் சொல்லுகிறவர் வால் ஸ்ட்ரீட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு வயதான வக்கீல். தஸ்தாவேஜுகளுக்கு நகல் எடுக்க ஏற்கனவே இரண்டு குமாஸ்தாக்கள், ஓடியாட ஒரு பையன். மூன்றாவதாக வந்து சேருகிறான் பார்ட்டில்பி. ராப்பகலாக எழுதித் தள்ளுகிறான். மூன்றாம் நாள், எழுதிய நகலை மூலத்தோடு ஒத்துப் பார்க்க வா என்று வக்கீல் கூப்பிட, மிகவும் மரியாதையாக, தனக்கு அதில் இஷ்டமில்லை என்று சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லா வேலைக்கும் அதே பதில். கடைசியில் வக்கீல்தான் ஆபீஸைக் காலி செய்துகொண்டு போகிறார். பார்ட்டில்பி சிறைச்சாலையில் சாப்பிடாமலே இறந்து போகிறான்.

இதற்கு விமரிசகர்கள் சொல்லியிருக்கும் அர்த்தங்கள் ஏராளம். முதலாளித்துவத்தின் மேல் வழக்கு என்கிறார்கள். மனிதனின் தனிமை என்கிறார்கள். புஸ்தகம் விற்காத நாவலாசிரியனின் சுயசரிதை என்கிறார்கள். இருக்கட்டும். இவர்களில் பலர் லேசாகத் தாண்டிப் போகிற ஒரு மரச்சாமான் கதையில் இருக்கிறது. அதுதான் பச்சைத் தட்டி. பார்ட்டில்பியின் மேஜையை வக்கீல் தம் அறைக்குள்ளேயே போடுகிறார். போட்டுவிட்டு, நடுவில் உயரமான ஒரு மடக்குத் தட்டியை நிறுத்தி வைக்கிறார். ஆள் கண்ணில் படக் கூடாது, கூப்பிட்ட குரலுக்கு மட்டும் எட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ரொம்பச் சௌகரியம் என்று அவருக்குத் திருப்தி வேறு!

மற்ற இரண்டு குமாஸ்தாக்களைப் பற்றி இதே வக்கீல் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார், பாருங்கள். வயசானவன் காலையில் நன்றாக வேலை செய்வான், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதமெல்லாம் மை. சின்னவனுக்கு அஜீரணம்; காலையில் எரிந்து விழுவான், மேஜையை உயர்த்தித் தாழ்த்திப் பிராணனை விடுவான், பிற்பகலில் சாதுவாகிவிடுவான். ஒருவன் கெடும்போது மற்றவன் தேறுகிறான் என்று கணக்குப் போட்டு ஆபீஸை நடத்துகிறார். மெல்வில் இந்தப் பகுதியைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். வெறும் ஹாஸ்யத்துக்காக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் பார்த்துப் பழகிய ஆட்களின் குறையோடு ஒரு மனிதர் எப்படிச் சமாளித்து வாழ்கிறார் என்பதை முதலில் காட்டிவிட்டு, பிறகு தட்டியைக் கொண்டு வருகிறார்.

மூன்றாம் நாள் காட்சியையும் மெதுவாகப் படிக்க வேண்டும். வக்கீல் தலை நிமிரவில்லை. கண் மூலத்தின் மேல் இருக்க, நகலைப் பிடித்த வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. வந்தவன் உடனே பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்ற அவசரம். இவர் பொல்லாதவர் அல்ல, நல்லவர். பின்னால் பணம் கொடுக்கிறார், தம் வீட்டுக்கே வரும்படி அழைக்கிறார். அத்தனை அன்பும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான்.

இன்று தட்டியை யாரும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. வேலையோடு கூடவே வந்துவிடுகிறது. வர்ச்சுவல் அஸிஸ்டென்ட் என்கிறார்கள். கடிதங்களுக்குப் பதில், கையெழுத்துப் பிரதியை டைப் செய்வது, புரூஃப், டிக்கெட், கணக்கு எல்லாம் செய்கிறார்கள். முகத்தைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் வேலை நடக்கிறது. தட்டியை எடுக்க முடியாது என்றால், அதற்கு இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்வது?

இந்த விஷயத்தில் எனக்கு ஆதர்சம் தாஸ்தாயெவ்ஸ்கி என்று சொன்னால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். சூதாடி, கோபக்காரர், வலிப்பு நோயாளி. 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது வருஷம் அவர் எழுத்தையெல்லாம் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளப் பிரசுரகர்த்தருக்கு உரிமை என்று ஒப்பந்தம். அக்டோபர் ஆரம்பம் வரை ஒரு வரி எழுதவில்லை. சுருக்கெழுத்துப் படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண் வருகிறாள். பரீட்சை வைப்பதற்காகக் கடகடவென்று சொல்லுகிறார். பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள் என்கிறாள் அவள். எழுதியதை வாங்கிப் பார்த்து, ஒரு முற்றுப்புள்ளி விட்டுப் போனதற்காகச் சிடுசிடுக்கிறார். ஆரம்பம் இவ்வளவு மோசம்!

இருபத்தாறு நாளில் 'சூதாடி' முடிந்துவிட்டது. பகலில் அவர் சொல்லுவார். அவள் வீட்டுக்குப் போய் இரவில் விரித்து எழுதி மறுநாள் கொண்டு வருவாள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று தினமும் கேட்டுச் சந்தோஷப்படுவார். நாவல் முடிந்த மறு வருஷம் பிப்ரவரியில் கல்யாணமும் நடந்தது. எல்லோரும் கல்யாணத்தைத்தான் பேசுகிறார்கள். அன்னாவின் நினைவுக் குறிப்புகளில் எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. நாவலின் கதாநாயகனைத் தனக்குப் பிடிக்கவில்லை, அவன் பலவீனத்தை மன்னிக்க முடியவில்லை என்று அவள் சொல்லுகிறாள்; அவரோ தாமே சூதாடி அல்லவா, அவன் கட்சி பேசுகிறார். கூலிக்கு வந்த பெண் அபிப்பிராயம் சொல்லுகிறாள், உலகத்தின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர் அதற்குப் பதில் சொல்லுகிறார். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதியிருந்தாலும் கெடு தேதிக்குள் நாவல் முடிந்திருக்கலாம். எனக்குச் சந்தேகம்தான்.

ஹென்றி ஜேம்ஸ் வேறு விதம். 1897-ல் மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து, டைப்ரைட்டர் முன்னால் ஒருவரை உட்கார்த்தி வைத்துவிட்டு, உலாவிக்கொண்டே கமா உள்பட எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லுவார். வாக்கியம் நீண்டுகொண்டே போனதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்கிறார்கள். படித்துப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. 1907 முதல் கடைசி வரை அவரிடம் இருந்த தியடோரா பொஸான்கெட் 1924-ல் ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். ரெமிங்டன் யந்திரத்தின் ஓசை கேட்டால்தான் அவருக்கு வார்த்தை ஓடுமாம். அது ரிப்பேருக்குப் போனபோது வேறொரு யந்திரத்தை வைத்துக்கொண்டு திண்டாடினாராம். எதிரிலிருந்து ஏதாவது ஒரு சப்தம் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தார் போலிருக்கிறது. அந்தச் சப்தத்துக்குப் பின்னால் இருந்தவளோ, அவரை இவ்வளவு நுட்பமாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

நம் ஊரில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்லச் சொல்ல, சாமிநாதையர் ஏட்டில் எழுதினார். அது சம்பளத்துக்குச் செய்த வேலையல்ல, பாடம் கேட்கிற முறையே அதுதான். அதோடு இதை ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் எதற்காக எழுதுகிறோம் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தது, தட்டி இல்லை.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னால், அந்த மனிதர் யார், அவரிடம் எனக்கு எவ்வளவு தாட்சண்யம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். நான் விரும்புகிற மாதிரிக்கு முடித்த பக்கம் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். முதல் பதினைந்து நாள் சின்னத் தவறைக்கூட விடாமல் சொன்னேன். அப்போது சங்கோசப்பட்டுவிட்டு ஆறு மாசம் கழித்துக் கோபித்துக்கொள்வது அநியாயம். திங்கட்கிழமை காலையில் அரை மணி டெலிபோனில் பேசுவோம். நடுவில், ஆச்சா ஆச்சா என்று கேட்பதில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, "சார், ஒரு சந்தேகம். நாலாம் அத்தியாயத்திலே அவன் அத்திம்பேர் என்கிறான். எட்டிலே அவரையே சார் என்று கூப்பிடுகிறான். அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டுமென்றேதான் எழுதியிருந்தேன். நடுவில் ஒரு கடன் விவகாரம் வந்து உறவு முறிந்துவிடுகிறது, அதைச் சொல்லாமல் சொல்வதற்காக என்று விளக்கினேன். "அப்போ பன்னிரண்டிலே அவர் சாகிற இடத்திலே மறுபடியும் அத்திம்பேர் வருமா?" என்றார். வந்தது.

இப்போது மனிதர் இல்லாமலே யந்திரமே காரியதரிசியாக வந்திருக்கிறது. எது சொன்னாலும் பெரும்பாலும் இஷ்டமில்லை என்று சொல்லாது. சௌகரியம்தான். அதோடு பேசிப் பழகிய தொனியிலேயே, தட்டிக்கு அப்பால் இருக்கும் மனிதரிடமும் பேசிவிடுவோமோ என்பதுதான் என் கவலை. கையை மட்டும் நீட்டுகிற வழக்கம் சுலபமாக வந்துவிடும்.

பார்ட்டில்பியின் கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் செத்த பிறகு வக்கீலின் காதில் ஒரு வதந்தி விழுகிறது: முன்பு அவன் வாஷிங்டனில், விலாசதாரர் அகப்படாத கடிதங்கள் வந்து சேருகிற தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தானாம். கதைக்கு ஒட்டுப் போட்டது போல இருக்கிறது, வெட்டியிருக்கலாம் என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. வேலைக்கு அமர்த்திய அன்று, தகுதியைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வக்கீல் அவனைத் தட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். பின்னால் ஒரு நாள், நீ யார், எந்த ஊர் என்று விசாரிக்கத்தான் செய்தார். அதற்குள் பதில் சொல்ல இஷ்டமில்லாத நிலைக்கு அவன் வந்துவிட்டிருந்தான். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்ற கேள்விக்குரிய பதில், கதையின் கடைசிப் பக்கத்தில், யாரோ சொல்லி, வக்கீலுக்குக் கிடைக்கிறது.