குருவின் சாவுக்குக் கணக்குத் தீர்த்தவன்

1972-இல் ஹாங்காங்கில் வெளிவந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ ஒரு சாவில் தொடங்குகிறது. கொட்டும் மழையில் ஓடிவரும் சீடன் சென் ஜென், புதைகுழிக்குள் குதித்துக் குருவின் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். அடிதடிப் படத்தின் நாயகனுக்கு இப்படி அழ இடம் கொடுத்ததிலேயே படம் பாதி வென்றுவிட்டது.

குரு ஹுவோ யுவான்ஜியா நிஜ மனிதர். 1910-இல் ஷாங்காயில் இறந்தார்; விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு உண்டு. சென் ஜென் மட்டும் கற்பனை.

ஆனால் புரூஸ் லீ நடித்தால் கற்பனைக்கும் ரத்தம் ஓடுகிறது. சீனர்களை ‘ஆசியாவின் நோயாளி’ என்று இழித்த பலகையை ஜப்பானியப் பயிற்சிக்கூடத்திற்கே அவன் திருப்பிக் கொண்டுபோகும் காட்சியைப் பாருங்கள். சுற்றிலும் ஆட்கள், நடுவில் ஒருவன். முதலில் கால்கள் பேசுகின்றன. பிறகு சங்கிலியால் இணைந்த இரு குட்டைத் தடிகளான நுன்சாக்கு சுழல்கிறது. கடைசியில் பலகையிலிருந்த தாளைக் கிழித்து, சவால் விட்டவர்கள் வாயிலேயே திணிக்கிறான். அடிக்கும் முன் அவன் காக்கும் அந்த ஒரு நொடி அசைவின்மை, எந்த உதையைவிடவும் அச்சமூட்டுவது.

இயக்குநர் லோ வெய் காவல் அதிகாரியாகவும் நடித்தார். வில்லன் சுவரை உடைத்துக்கொண்டு பறக்கும் காட்சியில் வில்லன் நடிகருக்குப் பதிலாகப் பறந்தவர், அன்று சண்டைக் கலைஞராக இருந்த இளைஞர் ஜாக்கி சான்.

பழிவாங்கியவன் தப்புவதில்லை. துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கிறான்; காட்சி உறைகிறது. 1994-இல் ஜெட் லி நடித்த மறு ஆக்கம் சண்டை நுட்பத்தில் இதைவிடச் செறிவானது, நாயகனையும் பிழைக்க வைத்தது. ஆனாலும் பழைய முடிவுதான் சரியான முடிவு.