குதிரைசக்திப் பட்டியலும் குர்ட் டாங்க்கும்

இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர்விமான எஞ்சின்களைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு பட்டியல்தான். டைம்லர்-பென்ஸ் டி.பி. 605ஏ: 35.7 லிட்டர், 1,475 குதிரைசக்தி. பி.எம்.டபிள்யூ. 801டி: 41.8 லிட்டர், சுமார் 1,700. யூங்கர்ஸ் யூமோ 213ஏ: 35 லிட்டர், சுமார் 1,750. அதற்குக் கீழே "எது பெஸ்ட்?" என்று ஒரு சண்டை நடக்கும். நானும் பல வருஷம் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவன்தான். இப்போது கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது.

எங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கூட கேவிஏ-வை மட்டும் பார்த்து வாங்க மாட்டார். டீசல் எவ்வளவு குடிக்கும், ஸ்பேர் கிடைக்குமா, ரிப்பேர்னா யார் வருவாங்க என்று கேட்பார். அதையே இங்கேயும் கேட்டுப் பார்ப்போம்.

டி.பி. 605 தலைகீழ் வி-12. எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். அதனால் விமானி மூக்கைச் சடாரென்று கீழே அழுத்தினாலும் எஞ்சின் திணறாது. கார்புரேட்டர் வைத்த ஆரம்பகால பிரிட்டிஷ் மெர்லின் திணறியது. சூப்பர்சார்ஜரை ஒரு திரவ இணைப்பு சுழற்றியதால், உயரத்துக்கு ஏற்ப வேகம் படிப்படியாக மாறும். சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும்.

பி.எம்.டபிள்யூ. 801 இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள் கொண்ட, காற்றில் குளிரும் ரேடியல் எஞ்சின். இதில் என்னைக் கட்டிப்போட்டது 'கொமாண்டோகெரேட்' என்ற பெட்டி. விமானி ஒரே ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். எரிபொருள் கலவை, புரொப்பெல்லர் கோணம், காற்றழுத்தம், இக்னிஷன் டைமிங் எல்லாவற்றையும் எண்ணெய் அழுத்தத்தாலேயே அது சரிசெய்துவிடும். ஒரு வரி கோட் இல்லாத கம்ப்யூட்டர்! ஆனால் 801டி-க்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். ஆறு, ஏழு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் மூச்சு வாங்கும். அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் வந்ததோ அந்த உயரத்தில்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பி.எம்.டபிள்யூ.வின் அல்லாக் ஆலையில் இந்த எஞ்சின்களுக்காக டாக்காவ் வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள்.

801-ஐ மூக்கில் வைத்துப் பறந்த ஃபொக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர் குர்ட் டாங்க். உயரத்தில் அது திணறியபோது அவர் யூமோ 213-க்கு மாறினார். மூக்கு நீண்டது, சமநிலைக்காக வால்பக்கம் அரை மீட்டர் சேர்த்தார். 1944-இல் 190டி-9 களத்துக்கு வந்துவிட்டது. ஒரு எஞ்சின் கைவிட்டால் பக்கத்துக் கம்பெனிக் கதவைத் தட்ட அவரால் முடிந்தது. பட்டியலில் இல்லாத பலம் இது.

அதே டாங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்தார். ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் அவர் குழு வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் ஓட்ட, முதன்முதலாகப் பறந்தது. இலக்கு ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். நம்பியிருந்த ஆஃப்டர்பர்னர் வைத்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை பிரிட்டன் தொடரவில்லை. அதன் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. கிடைத்தது தலா 4,850 பவுண்டு உந்துவிசை தரும் இரண்டு ஆர்ஃபியஸ் 703. மாருத் ஒலிவேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

அடுத்த நம்பிக்கை எகிப்து. அங்கே, போர்க்காலத்தில் யூங்கர்ஸில் இருந்த ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் இ-300 எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்காகவே காத்திருந்த இன்னொரு விமானம் எச்.ஏ-300, வடிவமைத்தவர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்! ஒரு மாருத் எகிப்துக்கே போய், 1967-இல் இ-300-ஐச் சுமந்து பறந்தது. 1969-இல் எகிப்து திட்டத்தை மூடியது. ஆர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் சேர்க்கும் முயற்சி இங்கே நடந்தது. அந்தச் சோதனை மாருத்தில் பறந்த சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் விபத்தில் இறந்துபோனார்.

"டாங்க் இந்தியாவில் தோற்றுவிட்டார்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாருத்தில் குறைகள் இருந்தன. நான்கு பீரங்கிகளையும் சேர்த்துச் சுட்டால் சிக்கல் வந்தது, உண்மைதான். ஆனால் 1971 போரில் அது ராஜஸ்தான் முனையில் நன்றாகவே உழைத்தது. ஒரு வடிவமைப்பாளரைக் கூட்டி வந்து விமானம் வரைய வைக்கலாம். எஞ்சின் அப்படி வராது. அதற்கு உலோகவியல், பேரிங், வால்வு, சோதனை மேடை, சலிக்காமல் பணம் போடும் அரசு எல்லாம் வேண்டும்.

இது பழங்கதையும் இல்லை. 1989-இல் தொடங்கிய காவேரி எஞ்சின் தேஜஸுக்குப் போய்ச் சேரவில்லை. தேஜஸ் அமெரிக்க எஞ்சினில் பறக்கிறது. எங்க திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்குள் உறுமுவது 1,400 குதிரைசக்தி ஜெர்மன் எம்.டி.யூ. எஞ்சின். அடுத்த முறை யாராவது பட்டியலை நீட்டினால், குதிரைசக்தியைப் பார்த்துவிட்டு இதையும் கேளுங்கள்: இந்த எஞ்சின் கிடைக்காமல் போனால் அவர்களுக்கு வேறு எஞ்சின் இருந்ததா?